கையெழுத்து, கைநாட்டு, துண்டறிக்கை: அரசியல் காகிதங்களைச் சேகரிப்பது குறித்து

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட 56 பேரில் பட்டன் குவின்னெட்டும் ஒருவர். 1776இல் ஒப்பமிட்டார். மறு ஆண்டே துப்பாக்கிச் சண்டை ஒன்றில் காயம்பட்டுச் செத்துப்போனார். இவர் கையெழுத்துகளில் இன்று இருப்பதாகத் தெரிபவை ஐம்பது சொச்சம்தான். அவற்றில் ஒன்று 2010இல் நியூயார்க்கில் 7,22,500 டாலருக்கு ஏலம் போனது. குவின்னெட் என்ன நினைத்தார், என்ன எழுதினார் என்பதெல்லாம் வாங்குகிறவருக்குப் பொருட்டே இல்லை. 56 பேரின் கையெழுத்தையும் வரிசையாக அடுக்க ஆசைப்படும் சேகரிப்பாளருக்கு இந்த ஒன்று சுலபத்தில் அகப்படுவதில்லை. விலை, வரிசையில் இருக்கும் அந்த ஓட்டைக்கு. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடிதத்திலிருந்து கையெழுத்தை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டிக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருந்தது. மீதிக் கடிதம் குப்பைக்கு. பெயர் மிஞ்சியது, பேச்சு போனது.

கையெழுத்து என்றால் என்ன? 1971இல் மான்ட்ரியலில் ஆற்றிய உரையில் தெரிதா இதைத்தான் நோண்டினார். ஒரு கையெழுத்து செல்லுபடியாக வேண்டுமானால் அது திரும்பத் திரும்ப ஒரே மாதிரி போடக்கூடியதாக இருக்க வேண்டும். அப்படிப் போடக்கூடியதை இன்னொருவனும் போட்டுவிடலாம். அதாவது, போலிக்கான சாத்தியம் கையெழுத்தின் உள்ளேயே இருக்கிறது. 1983இல் ‘ஹிட்லரின் நாட்குறிப்புகள்’ என்று ஜெர்மன் இதழான ஸ்டெர்ன் பெருந்தொகை கொடுத்து வாங்கிய குறிப்பேடுகளைக் கையெழுத்து நிபுணர்கள் அசல் என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த ‘அசல்’ மாதிரிகளில் சிலவும் கோன்ராட் கூயாவ் என்ற அதே ஆசாமி எழுதியவைதான். கடைசியில் குட்டை உடைத்தது காகிதம். போருக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்த வெளுப்பு ரசாயனம் அதில் இருந்தது. எழுத்தை நம்பியவர்கள் ஏமாந்தார்கள், தாள் ஏமாற்றவில்லை.

இந்த அசல் / போலி விவகாரத்துக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. யார் போட்டால் அது கையெழுத்து? 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரர், சாலைக்குச் சரளை தருவதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தயாரானார். வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி அவரைத் தடுத்து, உள்ளங்கை முழுவதிலும் மை தடவித் தாளில் பதிய வைத்தார். நாளைக்கு ‘இது என் கையெழுத்து இல்லை’ என்று சொல்லிவிடக் கூடாதே! கைரேகையை அடையாளமாக ஆக்கிய வரலாறு இப்படியும் தொடங்குகிறது. கவனியுங்கள், கோனாய் எழுதத் தெரியாதவர் அல்லர். எழுதத் தெரியாதவனுக்குத்தான் கைநாட்டு என்று பொதுப்புத்தி சொல்கிறது. ‘கைநாட்டு’ என்பதை வசவாகவும் வைத்திருக்கிறோம். அதிகாரம் யாரை நம்பவில்லையோ அவருக்குத்தான் மை என்கிறது இந்த ஒப்பந்தம்.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இது சட்டமாகவே வந்தது. ஆசியர்கள் ரேகை பதித்துப் பதிவுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்றது 1907ஆம் ஆண்டுச் சட்டம். தாமாக முன்வந்து பதிந்துகொண்டால் சட்டம் விலக்கப்படும் என்று நம்பிப் பலர் பதிந்தார்கள். நம்பிக்கை பொய்த்தது. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமிதியா மசூதி வளாகத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்களைக் கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தப் போராட்டத்தில் தமிழர்கள் கணிசமாக இருந்தார்கள். போராட்டத்தை நடத்திய காந்தி, பிற்காலத்தில் கையெழுத்து வேண்டும் என்று வந்தவர்களிடம் அரிஜன நிதிக்கு 5 ரூபாய் வசூலித்தார். ஜோகன்னஸ்பர்க் நண்பர் காலன்பாக்கோடு தொடர்புடைய அவரது கடிதங்களையும் தாள்களையும் 2012இல் இந்திய அரசு லண்டன் ஏல நிறுவனத்திடமிருந்து பத்து லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. வாங்கியது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கொப்பரையில் சாம்பலான தாள்களை எந்த ஏலத்தில் எடுப்பது? சில காகிதங்களின் அரசியல் அவை இல்லாமல் போனதில்தான் இருக்கிறது. அந்த இல்லாமையையும் நம் பட்டியலில் எழுதி வைக்க வேண்டும்.

சரி, பெயரற்றவர்களின் காகிதத்தை யார் காப்பாற்றினார்கள்? கசப்பான பதில்: பெரும்பாலும் போலீஸ். காலனிய அரசு தடை செய்து பறித்த துண்டறிக்கைகள், பாட்டுப் புத்தகங்கள் ஏராளமாக இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1985இல் தனி அட்டவணையே வெளிவந்தது. எழுதியவர் வீட்டில் பிரதி இருக்காது, பறித்தவன் வீட்டில் இருக்கும். இதற்கு மாற்றாக நம்மிடம் கோட்டையூர் ரோஜா முத்தையா இருக்கிறார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கடிதம் என்று அடுத்தவர் கழித்துப்போட்டதையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பின் அந்தச் சேகரத்தை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று அது சென்னையிலேயே நூலகமாக இயங்குகிறது. தனி ஒருவர் செய்ததை நம் இயக்கங்கள் செய்திருக்கின்றனவா?

துண்டறிக்கை நாளைய கூட்டத்துக்காக எழுதப்படுவது. ‘வருகிற ஞாயிறு மாலை 6 மணி’ என்றிருக்கும், ஆண்டு இருக்காது. ஆனால் தாள் தன்னையறியாமல் பேசும். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முன். நயா பைசா என்றால் அதற்குப் பின். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. ‘தமிழ்நாடு அரசு’ என்று இருந்தால் 1969க்குப் பிந்தியதாகக் கொள்ளலாம். அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்றது 1867ஆம் ஆண்டுச் சட்டம். 2023ஆம் ஆண்டுப் புதுச் சட்டம் நடப்புக்கு வரும்வரை அது நடப்பில் இருந்தது. அந்தப் பெயர் இல்லாத பழைய நோட்டீஸ் கிடைத்தால் ஏன் இல்லை என்று கேளுங்கள். எழுத்து வடிவத்தையும் பாருங்கள். இன்று நாம் எழுதும் லை, னை, றா வடிவங்களை அரசு ஏற்றது 1978இல். பெரியார் ‘குடி அரசு’வில் அவற்றைக் கையாளத் தொடங்கியதோ 1935இல். இடைப்பட்ட காலத்து நோட்டீஸ் ஒன்றில் சீர்திருத்த எழுத்து இருந்தால், அடியில் யார் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அச்சுக் கோத்த எழுத்தே ஒரு அரசியல் கையொப்பம்.

‘என்னத்துக்கு இந்தக் குப்பை, எடைக்குப் போடு’ என்கிற குரல் எல்லா வீட்டிலும் உண்டு. போடுவதற்கு முன் சில காரியங்கள். கடிதத்தை உறையோடு வையுங்கள். அஞ்சல் முத்திரைதான் தேதி. ஸ்டாம்பைக் கிழிக்காதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள், துருப்பிடிக்கும் குண்டூசியை எடுத்துவிடுங்கள். யாரிடமிருந்து, எந்த ஊரில், எப்போது கிடைத்தது என்று தனித்தாளில் பென்சிலால் குறித்து உடன் வையுங்கள். இந்தக் குறிப்பு இல்லாத காகிதம் சந்தைச் சரக்காக மாற அதிக நேரம் ஆகாது. இன்னொன்றும் உண்டு. உறுப்பினர் பட்டியல், நன்கொடை ரசீது, கைநாட்டு வைத்த மனு இவற்றில் இன்னும் உயிரோடிருப்பவர்களின் பெயர்கள் இருக்கும். ஆவணம் என்பது சாட்சியம்; போலீஸ் கைக்குப் போனால் குற்றப்பத்திரிகையாகவும் ஆகும். எதை இப்போது காட்டலாம், எதைப் பூட்டி வைக்கலாம் என்பதைச் சேகரிப்பவர் தனியே முடிவு செய்யக் கூடாது. கைநாட்டு வைத்தவர்களைக் கேட்டே செய்ய வேண்டும். கோனாயிடம் ஹெர்ஷல் கேட்கவில்லை. நாம் கேட்கலாம்.