சொன்னதைச் செய்யும் பிரிண்டர்!



அடுப்படியில் இருக்கும் துவரம் பருப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எடை, விலை, பாக்கெட் செய்த மாதம் எல்லாம் ஒரு சின்ன லேபிளில் அச்சாகி ஒட்டப்பட்டிருக்கும். அதை அச்சடித்தது யார்?

எங்கள் மாவட்டத்துச் சிவகாசியில் பெரிய ஆஃப்செட் அச்சகங்கள் நிறைய உண்டு. தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களை ஒரே மாதிரி லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளிவிடும். ஆனால் விலையும் தேதியும் மாறிக்கொண்டே இருக்குமே! அதற்குத்தான் மேசை மேல் வைக்கும் சிறிய லேபிள் பிரிண்டர்.

இதன் தலைப்பகுதியில் மிகச் சிறிய சூடேறும் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பலவற்றில் ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளிகள். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8. சூடு பட்ட இடத்தில் தாள் கறுக்கும். எழுத்து தோன்றும்!

எந்த இடத்தில் என்ன எழுத வேண்டும்? அதை நாம்தான் கட்டளையாக எழுதித் தரவேண்டும். ஜீப்ரா நிறுவனத்தின் பிரிண்டர்களுக்கான கட்டளை மொழியின் பெயர் இசட்.பி.எல். அதில் முக்கியமான கட்டளைகள் இவை:

1. எக்ஸ்.ஏ. - லேபிள் ஆரம்பம்.
2. எஃப்.ஓ. 80, 40 - இடமிருந்து 80 புள்ளி, மேலிருந்து 40 புள்ளி தள்ளிப் போ. (எத்தனை மில்லிமீட்டர்? 8-ஆல் வகுத்துப் பாருங்கள்!)
3. எஃப்.டி. - இதை எழுது.
4. எஃப்.எஸ். - இந்த வரி முடிந்தது.
5. பி.கியூ. 100 - நூறு லேபிள் அடி.
6. எக்ஸ்.இசட். - லேபிள் முடிந்தது.

ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் கூரை போன்ற ஒரு குறி போடவேண்டும். அவ்வளவுதான்!

என்னிடம் படித்த பையன் ஒருவன் பருப்பு பாக்கெட் போடும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். முதல் வாரம். வெளியே லாரி நிற்கிறது. லேபிள் ஒட்டும் பெண்கள் காத்திருக்கிறார்கள். அவசரத்தில் எடைக்கும் விலைக்கும் ஒரே இட எண்ணைக் கொடுத்துவிட்டான். 500 லேபிள் அடிக்கவும் சொல்லிவிட்டான். அந்த 500-லும் விலைமேல் எடை விழுந்து, இரண்டுமே படிக்க முடியவில்லை. எல்லாம் குப்பைக்கு! விலை தெரியாத பாக்கெட்டைக் கடைக்கு அனுப்ப முடியுமா? லாரி அன்று மாலைதான் கிளம்பியது.

"பிரிண்டர் மேல தப்பே இல்ல, டீச்சர். நான் சொன்னதைத்தான் செஞ்சுது. இப்பல்லாம் முதல்ல ஒண்ணே ஒண்ணுதான் அடிப்பேன். படிச்சுப் பார்த்துட்டுத்தான் மத்தது" என்றான்.

பரீட்சைத் தாளைக் கொடுக்கும்முன் ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று வகுப்பில் சொல்வேனே, அதேதான்!

லேபிள் என்பது வாங்குபவருக்குத் தரும் வாக்கு. 2019-ல் பசுமைப் பட்டாசுகள் அறிமுகமானபோது, அவற்றை அடையாளம் காணத் தனிச் சின்னமும் கியூ.ஆர். குறியீடும் கொண்டுவரப்பட்டன. பெட்டிக்குள் இருப்பது என்ன என்று வாங்குபவருக்குச் சொல்வது அந்த அச்சுதான். அது தவறினால் எதை நம்பி வாங்குவது?

செய்து பாருங்கள்: நீங்களும் நண்பரும் ஆளுக்கொரு கட்டம் போட்ட தாள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தாளை அவருக்குக் காட்டாமல், "இடமிருந்து 5 கட்டம், மேலிருந்து 3 கட்டம், உன் பெயரை எழுது" என்பதுபோலக் கட்டளை சொல்லுங்கள். அவர் பிரிண்டர், எதையும் கேட்கக்கூடாது, சொன்னதை மட்டும் செய்யவேண்டும். முடிந்ததும் இரண்டு தாளையும் ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் தவறு யாருடையது? கட்டளையிலா, செய்ததிலா? கண்டுபிடியுங்கள்!

உங்களுக்குத் தெரியுமா? கடையில் முதன்முதலாகப் பார்கோடு மூலம் விற்ற பொருள் ஒரு சூயிங்கம் பாக்கெட். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், 1974 ஜூன் 26-ல்!