தோடு செய்யாத சிவப்பு

காது சிவந்து வீங்கினால் வீட்டில் முதலில் தோட்டைத்தான் குறை சொல்வோம். கவரிங் தோடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கழற்றி வைத்துவிட்டு எண்ணெய் பூசுவோம். பலவேளை அந்தக் கணிப்புச் சரிதான். ஆனால் தோடு தொங்கும் சோணை நல்லபடி இருக்க, அதற்கு மேலுள்ள மடல் மட்டும் சிவந்து, தொட்டாலே நோகிறதா?

மடலுக்குள் இருப்பது கசியிழையம். சோணையில் அது இல்லை. நோயிலிருந்து நம்மைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, தடுமாறித் தன் உடலின் கசியிழையத்தையே தாக்கும் அரிய நோய் ஒன்று உண்டு. வந்து போய், மீண்டும் வரும். பிராக் நகரில் 1923இல் இது முதன்முதல் விவரிக்கப்பட்டது. மூக்குத்தண்டு உள்ளிறங்கலாம். விஞ்ஞானப் பாடத்தில் வாதனாளி படித்தோமே, அதன் வளையங்களும் கசியிழையம்தான். ஆகவே குரல் கரகரத்து மூச்சும் முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இன்னொரு அரிய நோய்க்கு பெஹ்செட் என்று பெயர். திரும்பத் திரும்ப வாய்ப்புண், மறைவிடப் புண், கண்ணின் உள்ளே அழற்சி ஆகிய மூன்றையும் ஒரே நோயாக 1937இல் எழுதியவர் இஸ்தான்புல் தோல் வைத்தியர் ஹுலூசி பெஹ்செட். துருக்கி முதல் ஜப்பான் வரை பழைய பட்டுப்பாதை நாடுகளில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம்.

இவ்விரண்டும் ஒருவரிலேயே சேர்ந்திருப்பதை 1985இல் அமெரிக்க வைத்தியர்கள் ஐந்து நோயாளரைக் கொண்டு விவரித்தார்கள். அறிகுறிகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து 'மெஜிக்' எனப் பெயரிட்டார்கள். வருத்தத்துக்கு வைக்கிற பெயரா இது!

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. காது முக்காட்டுக்குள் மறைந்திருக்கும். வாய்ப்புண்ணைச் சூடு என்று விட்டுவிடுவோம். மூன்றாவதை உம்மாவிடமும் சொல்ல வெட்கம். இது தொற்றுநோயல்ல, நடத்தையால் வருவதுமல்ல. உம்மாமாரே, வாய்ப்புண் அடிக்கடி வந்தால் மற்றதையும் தனியே, மெதுவாகக் கேளுங்கள். பெரும்பாலான வாய்ப்புண் சாதாரணமானதே, பயப்படத் தேவையில்லை.

இதை உறுதிசெய்ய ஒற்றை இரத்தப் பரிசோதனை கிடையாது. அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்தே வைத்தியர் முடிவுசெய்வார். ஸ்டீரொய்ட் மாத்திரை தந்தால், சுகம் கண்டதும் நாமாகத் திடீரென நிறுத்தக்கூடாது. விசுவமடுவிலிருந்து பஸ் ஏறி கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கிளினிக் போகும் நாளில் சிவப்பு மறைந்திருக்கக்கூடும். எனவே காது சிவந்த அன்றே கைபேசியில் படமெடுத்து, திகதியைக் கொப்பியில் குறித்து வையுங்கள்.