கடை கட்டும் முன் கட்டணத்தைப் பேசுவோம்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்றார்கள் பெரியவர்கள். கடையும் கிடங்கும் கட்டிப் பார்த்த வணிகர்களுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். பிளான் போடும் ஆர்க்கிடெக்டிடம், அதாவது கட்டடக் கலைஞரிடம், முதல் நாளே பேசாமல் விட்ட பேச்சுதான் பின்னால் மனக்கசப்பாக முளைக்கிறது.

கொல்லிமலை தேவனூர் நாட்டில் ஒரு மளிகை வணிகர், கடையும் அதன் பின்னால் மிளகு மூட்டை அடுக்கக் கிடங்கும் கட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டடக் கலைஞர் நாமக்கல்லில் இருக்கிறார். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்து, இடத்தைப் பார்த்துத் திரும்பினால் அவருக்கு ஒரு நாள் போய்விடும். "சும்மா ஒரு எட்டு வந்து பாருங்கள்" என்று நாம் பத்து முறை அழைத்தால், அந்தப் பத்து நாளுக்கு யார் கணக்கு?

அவர் நமக்கு விற்பது காகிதம் அல்ல, நேரம். சிட்டைப்படி சரக்கை நிறுத்துக் கட்டிய பிறகு, "பிரித்து வேறு போடுங்கள்" என்று வாடிக்கையாளர் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? பிளான் முடிந்தபின் மாடிப்படியை இடம் மாற்றச் சொல்வதும் அப்படித்தான். தூண், உத்திரம், எஸ்டிமேட் எல்லாம் மறுபடி போட வேண்டும்.

கட்டணம் இரு வகை

கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் என்பது ஒன்று. 5 சதவீதம் என்று பேசினால், 20 லட்சம் ரூபாய் வேலைக்கு 1 லட்சம். வேலை 25 லட்சமாக வளர்ந்தால் கட்டணமும் 1,25,000 ஆகும். மொத்தத் தொகை பேசுவது மற்றொன்று. இதில் செலவு முன்பே தெரியும். ஆனால் எத்தனை திருத்தம், எத்தனை முறை வருகை என்பதையும் சேர்த்துப் பேசியாக வேண்டும்.

எந்த வகையானாலும் பணத்தைத் தவணையாகக் கொடுப்பதே நல்லது. முதல் வரைவு, அனுமதிக்கான பிளான், வேலைக்கான விவரப் படங்கள், மேற்பார்வை என ஒவ்வொரு கட்டமும் முடிய முடியக் கொடுத்தால், வேலை நடுவில் நின்றாலும் இருவருக்கும் நஷ்டமில்லை.

எழுதி வாங்க வேண்டியவை

1. கட்டணத்தில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா, தனியா?
2. கம்பி, அஸ்திவாரக் கணக்குப் போடும் பொறியாளர் கூலி யாருடையது?
3. அனுமதி வாங்கித் தருவது யார் பொறுப்பு?
4. எந்தெந்தக் கட்டத்தில் நேரில் வருவார்? தினமும் நின்று மேஸ்திரியை வேலை வாங்குவது பொதுவாக அவர் வேலை அல்ல.
5. எத்தனை திருத்தம் இலவசம்? அதற்கு மேல் என்ன தொகை?
6. பிளான் எந்தத் தேதிக்குள் கைக்கு வரும்?

தேதியை அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். தை, மாசியில் மிளகு வரும். அதற்குள் கிடங்கு காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏற வேண்டுமானால், சித்திரையில் பிளான் கையில் இருக்க வேண்டும். நாம் இடத்துப் பத்திரம் கொடுக்கத் தாமதித்துவிட்டு அவரைக் குறை சொல்வது நியாயமாகாது.

இன்னொன்று. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்றவர் மட்டுமே 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் பதிவில்லாதவர் பிளான் போடுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியது. எனவே பதிவு எண்ணைக் கேட்டுப் பார்ப்பது நம் பொறுப்பு.

கடன் கணக்கை எழுதாமல் சரக்குக் கொடுக்காத நாம், வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டும் கடைக்கு வாய்ப்பேச்சை நம்பலாமா?