றோபோ செய்வோர்க்கு ஒரு வேலைமேசை

"ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. தன் குறையை மறைத்துப் பிறிதொன்றின்மேற் பழி போடுவோரை எள்ளி நகையாடுவதற்கு அதனை எடுத்தாளுகின்றோம். ஆனால், கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிட்டால் ஆடியவள்மேற் குற்றஞ் சொல்வது நீதியாகுமா? இக்கேள்வியை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள நேர்ந்த நிகழ்ச்சி ஒன்றை முதலிற் கூறி, அதிலிருந்து கற்ற பாடத்தை வாசகர்களுக்கும், சிறப்பாக மாணவர்களுக்கும், எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

புத்தூரில் நம்மிடம் பயிலும் மாணவர் சிலர் மாலை வேளைகளில் ஒன்றுகூடி ஒரு சிறு றோபோவை உருவாக்கினர். தரையில் வரைந்த கோட்டைத் தானே கண்டு, அதன் வழியே ஓடி, இடையிலுள்ள மரக்கட்டைகளைத் தூக்கி உரிய இடத்தில் வைப்பது அதன் தொழில். மூன்று மாத காலம் உழைத்தனர். போட்டி நாளன்று களத்தில் இறங்கிய அந்த றோபோ நாற்பது வினாடிகூட ஓடவில்லை. ஒரு சில்லு திணறிற்று. பின்னர் அடியோடு நின்றுவிட்டது. மின்கம்பிகளைப் பற்றாசு வைத்து இணைத்தவள் பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி. "இணைப்பைச் சரிபார்க்கவில்லையா?" என்று எல்லார் முன்னிலையிலும் நாம் அவளைக் கடிந்துகொண்டோம். அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த கிழமை மாலை வேலைக்கு அவள் வரவுமில்லை.

சில நாட்களின் பின், தோட்டங்களுக்கு நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்தும் முதியவர் ஒருவரிடம் அந்த மோட்டரைக் கொண்டுசென்றோம். அவர் அதனைக் கழற்றி, வெள்ளைக் கடதாசி ஒன்றின்மேல் மெல்லத் தட்டினார். கரிய தூள் கொட்டிற்று.

"இது அரத்தூள், மாஸ்ரர். உள்ளுக்குக் காந்தம் இருக்கிற சாமானை அரம் போடுற இடத்திலே வைக்கலாமோ?" என்றார்.

நாம் வாயடைத்து நின்றோம். மாணவி வைத்த இணைப்புகள் யாவும் உறுதியாகவே இருந்தன. மாணவர்களுக்கு நாம் கொடுத்திருந்தது பழைய வாசிப்பு மேசை ஒன்று. அதன் ஒரு முனையில் இருவர் இரும்பை அராவுவர். மறுமுனையில் மோட்டர் திறந்தபடி கிடக்கும். மோட்டரின் காந்தம் அரத்தூளைத் தன்பால் இழுத்துக்கொண்டது. பிழை மாணவியின் கையில் இல்லை, மேசையில் இருந்தது. மேசையைக் கொடுத்தவர் நாம்.

அன்று மாலையே அவள் வீட்டுக்குச் சென்று, பெற்றோர் முன்னிலையில் நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். அவள் சற்று நேரம் தலை குனிந்திருந்துவிட்டு, "அப்ப சேர், இனி எந்த மேசையிலே வேலை செய்யிறது?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு விடையாக எழுந்ததே இங்கு நாம் விவரிக்கப்போகும் வேலைமேசை.

இரண்டரை நிமிடப் போட்டி

'றோபோ' என்னும் சொல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920 ஆம் ஆண்டில் எழுதிய நாடகமொன்றின் வழியாக உலகுக்கு வந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லினடியாக அது பிறந்தது. மாணவர்க்கு ஒரே வகையான உதிரிப்பொருட்களைக் கொடுத்து, பொறி செய்வித்துப் போட்டியிடச் செய்யும் முறையை அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்பக் கல்வி நிலையத்தில் 1970களில் பேராசிரியர் வூடி பிளவர்ஸ் புகழ்பெறச் செய்தார். யப்பானில் தொழினுட்பக் கல்லூரி மாணவர்க்கான போட்டி 1988 இல் தொடங்கியது. டீன் கேமன் என்பவர் 1989 இல் நிறுவிய 'பெர்ஸ்ற்' அமைப்பு, 1992 இல் நியூஹாம்ப்சயரிலுள்ள ஒரு பாடசாலை விளையாட்டுக் கூடத்தில் 28 அணிகளுடன் தன் முதற் போட்டியை நடத்திற்று. ஆசிய பசிபிக் நாடுகளின் மாணவர்க்கான 'றோபோகொன்' போட்டி 2002 இல் தோக்கியோவில் ஆரம்பமாகி, 2008 இலும் 2014 இலும் இந்தியாவின் புனே நகரில் நடைபெற்றது.

'பெர்ஸ்ற்' போட்டியில் ஓர் ஆட்டம் ஏறக்குறைய இரண்டரை நிமிடமே. பல கிழமைகள் உழைத்த உழைப்பு அந்த இரண்டரை நிமிடத்தில் எடைபோடப்படுகின்றது. ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையே, ஏறக்குறையப் 10 அடி நீள அகலமுள்ள ஓரிடத்தில் வைத்து, உடைந்ததை மாற்றி, தளர்ந்ததை இறுக்கி, பற்றரியை மாற்றிவிட வேண்டும். எனவே றோபோவைச் செய்யும் திறமை மட்டும் போதாது. அதனை விரைந்து பேணும் ஒழுங்கும் வேண்டும். அவ்வொழுங்குக்கு இருப்பிடம் வேலைமேசையே.

மேசை ஆடினால் கை ஆடும்

நாம் பட்டம் பெற்றவர், பௌதிகம் கற்பிப்பவர். எனினும் ஒரு மேசையின் உயரத்தை எதனைக்கொண்டு தீர்மானிப்பது என்பதை ஊர்த் தச்சாசாரியார் ஒருவரிடமே கற்றுக்கொண்டோம். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், முழங்கைக்கு ஏறக்குறைய நான்கு அங்குலம் கீழே மேசையின் முகம் இருத்தல் வேண்டும் என்றார். நம் மாணவர்க்கு 34 அங்குலம் பொருந்திற்று. உயரம் குறைந்த பிள்ளைகள் ஏறி நிற்க ஒரு கால்பலகையும் செய்தார். "மேசையை வெட்டிக் குறைக்காதேங்கோ; பிள்ளையை உயர்த்துங்கோ" என்பது அவர் சொல்.

நீளம் 6 அடி. அகலம் இரண்டரை அடி. அதற்கு மேல் அகலமானால் பின்புறத்திலுள்ள பொருளைக் கை எட்டாது. எட்டாத இடம் குப்பை சேரும் இடமாகிவிடும். கால்களுக்கு, போரில் இடிந்த வீடொன்றிலிருந்து எடுத்துவைத்திருந்த வைரம் பாய்ந்த பனைவளைகள் கிடைத்தன. கால்களை நிலத்துக்கு அருகிற் குறுக்குச் சட்டங்களாற் பிணைத்து, அவற்றின்மேற் பலகை இட்டுப் பாரமான பொருட்களை அங்கே வைத்தோம். அடிப்பாரம் மிகுந்தால் மேசை அசையாது. "மேசை ஆடினால் கை ஆடும், மாஸ்ரர், கை ஆடினால் வேலை ஆடும்" என்று ஆசாரியார் கூறியது எந்தப் பாடநூலிலும் இடம்பெறத் தக்கது.

மேசையின் முகத்துக்கு வேப்பம்பலகை. அதன்மேல் மெல்லிய ஒட்டுப்பலகை ஒன்றைத் திருகாணியாற் பொருத்தினோம். அது துளைபட்டும் கருகியும் போனபின் கழற்றிப் புதியது போடலாம். பின்புறமும் இரு பக்கமும் அரை அங்குல உயரத்துக்கு விளிம்புச் சட்டம் அடித்தோம். உருண்டோடும் சுரைகளும் திருகாணிகளும் நிலத்தில் விழாது அங்கே தங்கும். போட்டியிடத்தில் ஒரு சுரையைத் தேடிச் செலவாகும் நேரம் மீண்டு வாராது.

றோபோவுக்கு இன்னோர் ஆசனம்

றோபோவை இம்மேசைமேல் ஏற்றினால் அதன் தலைப்பகுதி மாணவரின் முகத்துக்கு நேரே வந்துவிடும். ஆதலால், 20 அங்குல உயரமுள்ள சிறிய தாங்குமேசை ஒன்று வேறாகத் தேவை. அதன் முகத்தைக் குயவனின் சக்கரம்போலச் சுழலுமாறு அமைத்தோம். இப்பொழுது பிள்ளைகள் றோபோவைச் சுற்றி ஓடுவதில்லை; றோபோவே அவர்கள் பக்கம் திரும்புகின்றது. நினைத்த இடத்தில் நிறுத்திவைக்க ஒரு மரத்தாழும் உண்டு. நடுவிலே இரு கட்டைகளை வைத்து, சில்லுகள் எதிலும் படாதவாறு றோபோவை ஏந்தச் செய்தோம். சோதிக்கும்பொழுது சில்லுகள் சுழன்றாலும் றோபோ பாய்ந்து கீழே விழாது. இவ்விரு கட்டைகளுக்கும் செலவு ஒன்றுமில்லை; காக்கும் பொருளோ பெரிது.

அரம் ஓரிடம், பற்றாசு ஓரிடம்

அறுத்தல், அராவுதல், துளைத்தல் ஆகிய இரும்பு வேலைகளைக் கூடத்தின் மறுகோடியிலுள்ள வேறொரு கட்டைமேசைக்கு மாற்றினோம். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் அங்கேதான் இருக்கின்றது. அதுவும் மேசைக்காலுக்கு நேர்மேலே பூட்டப்பட்டுள்ளது. அரத்தூளை வாயால் ஊதலாகாது. தூரிகையாற் கூட்டி எடுத்தல் வேண்டும். ஊதினால் அது கண்ணுக்கோ மோட்டருக்கோ செல்லும். அராவியவர் கை கழுவி, ஆடையைத் தட்டிய பின்பே பெரிய மேசைக்கு வரலாம்.

பற்றாசுக்கோலுக்குப் பெரிய மேசையின் வலப்புற முனை. சூடான கோலை வெறுமனே மேசைமேல் வைக்காது, தாங்கியில் இடுதல் கட்டாயம். எழும் புகையை வெளியே தள்ள யன்னலோரம் சிறு மின்விசிறி உண்டு. பற்றாசில் ஈயம் கலந்திருக்கலாம். ஆகவே கை கழுவாமல் உணவைத் தொடலாகாது.

நம் ஊரின் செம்மண் புழுதியும், கிழக்கே வண்ணாத்திப் பாலத்துப் பக்கமிருந்து வீசும் உப்புக்காற்றும் பொறிகளுக்குப் பகை. வேலை முடிந்ததும் றோபோவைத் துணியால் மூடுதலும், ஆயுதங்களை எண்ணெய்த் துணியால் துடைத்தலும் நாள்தோறும் செய்யவேண்டியவை.

மின்சாரமும் பற்றரியும்

மின் செருகிகளை மேசையின் பின்புறத்தில் உயர்த்திப் பூட்டி, கம்பிகள் முகத்தின் குறுக்கே கிடவாதவாறு செய்தோம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிறுத்தும் பெரிய சுவிச் ஒன்று எல்லார் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கின்றது. நம் வீடுகளில் 'ட்ரிப் சுவிச்' என வழங்கும் காப்புக் கருவியும் உண்டு. 30 மில்லி அம்பியர் மின்னொழுக்கு நேர்ந்தாலே அது மின்னைத் துண்டித்துவிடும். நம் நாட்டு 230 வோல்ற்று மின்சாரத்தோடு பிள்ளைகள் விளையாட முடியாது. 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை மறவாது, மேசை விளக்கை 12 வோல்ற்றுப் பற்றரியாலும் எரியுமாறு அமைத்தோம்.

பற்றரிகளுக்குத் தனி மூலை வேண்டும். அங்கே மரமும் கடதாசியும் இருத்தலாகாது. ஓடு பதித்த சீமெந்துத் திண்ணை ஒன்றையும், அருகே மணல் நிறைந்த வாளி ஒன்றையும் வைத்தோம். இலிதியம் பற்றரியின் ஒவ்வொரு கலமும் இயல்பாக 3.7 வோல்ற்று உடையது; 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏற்றினால் ஆபத்து. 3 வோல்ற்றுக்குக் கீழ் இறங்கவிட்டால் பழுதாகும். வீங்கிய பற்றரியை மீண்டும் பயன்படுத்தலாகாது. ஏற்றும்பொழுது ஒருவர் அருகில் இருந்தே ஆகவேண்டும். ஈயப் பற்றரி ஏற்றும்பொழுது எரியத்தக்க ஐதரசன் வாயு வெளிப்படலாமாதலால், தீயை அண்டவிடலாகாது.

நிழல் காட்டும் பலகை

மேசைக்குப் பின்னே சுவரில் ஒரு பலகை. ஒவ்வோர் ஆயுதத்துக்கும் உரிய இடத்தில் அதன் வடிவம் கறுப்பு மையால் வரையப்பட்டிருக்கின்றது. எடுத்த குறடு திரும்பி வராவிட்டால், அதன் நிழல் மட்டும் பலகையில் நின்று நம்மைக் கேள்வி கேட்கும். இந்நிழல்களை வரைந்தவள் அந்த மாணவியே. கீழேயுள்ள லாச்சிகளில் திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்து வைத்தவளும் அவளே. றோபோ முழுவதிலும் இரண்டே அளவுத் திருகாணிகளைப் பயன்படுத்துவோம் என்று அவள் கூறிய யோசனையால், தேவைப்படும் சாவிகளும் இரண்டாகச் சுருங்கின.

போட்டிக்குச் செல்லும்பொழுது மேசை வரமாட்டாது. ஆகையால் மேசையின் சுருக்கமாக ஒரு மரப்பெட்டி செய்தோம். மூடியைத் திறந்தால் உட்புறத்தில் அதே நிழல்கள், அதே ஒழுங்கு. மூடியில் ஒரு பட்டியலும் ஒட்டப்பட்டிருக்கின்றது: சில்லுகளின் திருகாணி, கம்பி இணைப்பு, பற்றரியின் வோல்ற்று, மோட்டரின் சூடு, உணரிகளின் தூசி. ஒருவர் வாசிக்க, மற்றவர் தொட்டுப் பார்த்து 'சரி' என்று சொல்லுதல் வேண்டும்.

கையும் கல்வியும்

நம் குடாநாட்டுக்குத் திருத்தும் வித்தை புதிதன்று. 1990 ஆம் ஆண்டின் பின் நெடுங்காலம் மின்சாரமின்றி வாழ்ந்த நம் மக்கள், துவிச்சக்கரவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினர். ஜாம் போத்தலில் விளக்கெரித்துப் பிள்ளைகளைப் படிப்பித்தனர். அவ்வறிவு பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றது. பேனா பிடிக்கும் கையே படித்த கை என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வியைக் காந்தியடிகள் 1937 இல் வார்தாவில் வலியுறுத்தினார். நம் நாட்டிலும் 2013 இல் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. வாயில்கள் திறந்துள்ளன, பிள்ளையின் கை அவ்வாயிலுக்குச் செல்லுமுன் பழகுவதற்கு ஓரிடம் வேண்டாமா?

தச்சாசாரியாரும் இயந்திரம் திருத்தும் முதியவரும் இப்பொழுது மாதம் ஒருமுறை நம் மாலை வகுப்புக்கு வருகின்றனர். மாணவர் எழுந்து நின்று அவர்களை வரவேற்கின்றனர். நாமும் எழுந்து நிற்கின்றோம்.

அடுத்து நாம் பங்குபற்றிய போட்டியில் நம் றோபோவுக்குப் பரிசு கிடைக்கவில்லை, நான்காவதாக வந்தது. ஆயினும் எல்லாச் சுற்றுகளிலும் இறுதி வினாடி வரை ஓடிற்று. மூன்றாவது சுற்றின் முன் ஒரு சில்லின் திருகாணி தளர்ந்திருப்பதைப் பட்டியலை வாசித்தவள் கண்டுபிடித்தாள்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டு விறாந்தையின் ஒரு மூலையில் ஆடாத மேசை ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஆசிரியர்களே, பிள்ளையின் கையைக் குறை கூறுமுன் அக்கை எதன்மேல் வேலை செய்தது என்று ஒருகணம் பாருங்கள். நாம் பார்க்கத் தவறினோம், அதனாலேயே எழுதுகின்றோம்.