தானேக் கழிக்கரையில் ஒரு நடை

மும்பைக்கும் நவி மும்பைக்கும் இடையே கிடக்கும் தானேக் கழி, அங்குக் குடியேறிய தமிழருட் பலருக்குப் பாலத்தின்மீது விரைந்து கடக்கும் நீர்ப்பரப்பு மட்டுமே. அதன் கரையில் நாள்தோறும் நடப்பவர்க்கோ அது ஒரு பள்ளிக்கூடம்.

முதற்பாடம் ஓதத்தின் கணக்கு. ஓதம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. ஆகவே இன்று சேறு கண்ட அதே வேளையில், ஒரு வாரம் சென்றபின் நீர்ப்பெருக்கைக் காண்போம். நீர் வடியும்போதுதான் பறவைகள் இரைக்கு இறங்கும்.

நவம்பர் முதல் மே வரை பூநாரைகள் இங்கே தங்குகின்றன. அவை அலகைத் தலைகீழாக அமிழ்த்தி நீரை வடிகட்டி உண்பவை. சிறு பூநாரைக்கு நுண்பாசியே முதன்மை உணவு. அதிலுள்ள நிறப்பொருளே இறகிற்குச் செம்மை தருகிறது.

2015-இல் இக்கழியின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாயிற்று. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. எனினும் ஓதம் ஏறுகையில் பறவைகள் ஒதுங்கும் நீர்நிலைகள் சில, சரணாலய எல்லைக்கு வெளியே உள்ளன. அவை தூர்ந்தால், உணவிருந்தும் உறைவிடமில்லை.

நேயர்களே! நாள், ஓதநிலை, கண்ட பறவைகளின் தொகை ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் நம்மவர் காணும் இப்பறவைகளுக்கு, மும்பைக் கரையில் அக்குறிப்பே சான்றாக நிற்கும்.