பவ்பஜாரில் ஒரு கதவு

மேதையின் சாதனைக்குப் பின்னால் இருப்பது எது? பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம் நெருங்கினால் பத்திரிகை ஆபீஸ்களில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். இந்த வருஷம் என் தலையில் விழுந்தது. பிறவி மூளை, ஜீன், வீட்டில் இருந்த புத்தக அலமாரி என்று பதில்கள் வரிசை கட்டின. சி.வி.ராமனின் கதையைத் திரும்பப் படித்ததில் எனக்கு மனசில் ஒட்டிக்கொண்டது ஒரு கதவு.

1907-ல் கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரலாக ராமன் வேலைக்குச் சேர்ந்தபோது வயது 18. புதுக் கல்யாணம், கைநிறையச் சம்பளம். அந்த வயதில் வேறென்ன வேண்டும்? டிராமில் போகிறவர் கண்ணில் பவ்பஜார் தெரு 210-ம் எண் கட்டடத்துப் பெயர்ப் பலகை படுகிறது: இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் ஊரெல்லாம் நிதி திரட்டி 1876-ல் தொடங்கியது. உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய ஆள் வரவில்லையே என்ற மனக்குறையோடு 1904-ல் அவர் கண்ணை மூடிவிட்டார். ராமன் போய்க் கதவைத் தட்டியபோது திறந்தவர் ஆசுதோஷ் தே. உள்ளே செயலாளராக இருந்தவர் சர்க்காரின் மகன் அம்ரிதலால். டிகிரியைக் காட்டு, சிபாரிசுக் கடிதம் கொண்டுவா என்ற பேச்சே இல்லை. சோதனைச்சாலை ராமன் வசமானது. கதவைத் திறந்த தே கல்லூரிப் பக்கமே போகாதவர். தண்ணீரில் பொருள் விழும் சத்தத்தைப் பற்றிய ராமனின் ஆய்வுக் கட்டுரையில் பின்னாளில் அவர் பெயரும் சேர்ந்து வந்தது.

ராமனின் அன்றாடத்தை அவர் மனைவி லோகசுந்தரி சொல்லியிருக்கிறார். காலை ஐந்தரைக்குக் கழகம். பத்து மணி வாக்கில் வீட்டுக்கு ஓடிவந்து குளியல், அள்ளிப்போட்ட சாப்பாடு, ஆபீசுக்குத் தாமதமாகிவிடக் கூடாதென்று டாக்ஸி. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபீசிலிருந்து நேரே கழகம். வீடு திரும்ப ஒன்பதரை, பத்து. ஞாயிறு முழுநாளும் அங்கேதான். (லோகசுந்தரியின் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி யாராவது எழுத வேண்டும்.) பின்னாளில் கழகத்தை ஒட்டிய வீட்டுக்கே குடிபோய், நினைத்த நேரத்தில் சோதனைச்சாலைக்குள் நுழைய ஒரு கதவும் வைத்துக்கொண்டார். வயலினும் மிருதங்கமும் ஏன் அப்படி ஒலிக்கின்றன என்று அவர் ஆராய்ந்தது இங்கேதான். 1917-ல் சம்பளம் கிட்டத்தட்டப் பாதியாகும் என்று தெரிந்தே அரசு வேலையை உதறிப் பேராசிரியரானார். அப்போதும் இந்தக் கட்டடத்தை விடவில்லை.

கடலின் நீலம்தான் அவரை ஓட்டியது என்பார்கள். 1921-ல் நார்குண்டா கப்பலின் மேல்தளத்தில் நிகோல் பட்டகத்தோடு நின்றார், வாஸ்தவம். ஆனால் மத்தியதரைக் கடலைப் பார்த்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! ஊர் திரும்பியதும் ‘கடல் ஏன் நீலம்’ என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு போக ஓர் இருட்டறை ராமனுக்கு இருந்தது.

ராமனோடு ஆராய்ச்சி செய்த வெங்கடேஸ்வரன் கதையைப் பாருங்கள். அலிப்பூரில் அரசாங்கப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஆபீஸ் விட்ட பிறகும் விடுமுறையிலும்தான் பவ்பஜாருக்கு வருவார். நன்றாகச் சுத்திகரித்த கிளிசரினில் சிதறும் ஒளி வழக்கமான நீலமாக இல்லாமல் பச்சையாகத் தெரிகிறதே என்று கவனித்தவர் அவர். ஆனால் சோதனைக்கு வேண்டியது சூரிய ஒளி. ஆபீஸ் விடும் வரை சூரியன் காத்திருக்குமா? அந்தச் சோதனை, கழகத்தில் முழுநேரமாக இருந்த வத்திராயிருப்புக்காரர் கே.எஸ்.கிருஷ்ணன் கைக்குப் போனது. 1928 பிப்ரவரியில் ராமன் விளைவு பிடிபட்டது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

கதவு திறந்தால் போதுமா, கருவிக்குப் பணம் வேண்டாமா என்று பேராசிரிய நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயம்தான். ஆனால் ராமன் விளைவைக் காட்டிக்கொடுத்த சாமான்களின் விலை சில நூறு ரூபாய். இன்று எத்தனையோ கல்லூரிகளில் லட்சக்கணக்கில் கருவி இருக்கிறது, நாலரைக்கு மேல் பூட்டும் இருக்கிறது. ரிப்பன் வெட்டிய போட்டோ வாசலில் தொங்குகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பையனுக்குச் சந்தேகம் வந்தால் அவன் எங்கே போவான்?

நான் பி.எஸ்ஸி. படித்த கல்லூரியில் ஸ்பெக்ட்ரோமீட்டர்கள் கண்ணாடி பீரோவுக்குள் இருந்தன. வாரம் ஒரு பிராக்டிகல், நாலு பேருக்கு ஒரு கருவி. ஒருநாள் பாதரச விளக்கு நிதானத்துக்கு வந்தபின் டெலஸ்கோப்பை மெல்ல நகர்த்தினேன். ஒரே கோடு என்று நினைத்த மஞ்சள், நெருக்கமாக இரண்டாகப் பிரிந்து நின்றது. ஊதாப் பக்கம் இன்னும் தள்ளினால் மங்கலாக ஏதோ ஒன்று, இருக்கிறதா இல்லையா என்பது போல. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி குனிந்தேன்.

“ரீடிங் எடுத்தாச்சுல்ல? கிளம்புங்க தம்பி, பூட்டணும்” என்றார் லேப் அசிஸ்டென்ட். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு பிரிசம் உடைந்தால் கணக்குக் கேட்பது அவரிடம்தான். மீதி ரீடிங்கை சீனியரின் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதினேன். அதில் அந்த மங்கல் கோடு இல்லை. நானும் எழுதவில்லை.