டவர் ஓய்ந்த பிறகு யார் பேசுவது?

2024 டிசம்பர் முதல் வாரத்தை ஊத்தங்கரை மறக்காது. ஃபெஞ்சல் புயல் மழை ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. பஸ் நிலையம் அருகே நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துச் சென்றது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. ஊர் தூங்கும் நேரம் அது.

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, கெலவரப்பள்ளி, கே.ஆர்.பி. அணைகளைத் தாண்டி சாத்தனூர் போகிறது. பெங்களூர் பக்கம் மழை கொட்டினால், ஓசூரில் வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறும். 2017 நவம்பரில் கே.ஆர்.பி. அணை மதகு ஒன்று உடைந்தபோது ஐந்து மாவட்ட ஆற்றோரங்களுக்கு எச்சரிக்கை போனது. கரையோரம் மோட்டாரும் மாடும் வைத்திருப்பவருக்கு ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்தால் போதும், பாதி நஷ்டம் தப்பும்.

இன்று அந்தத் தகவல் செல்போனில்தான் வருகிறது. கரண்ட் போனால் டவர் பேட்டரியிலும் டீசல் ஜெனரேட்டரிலும் ஓடும். அதுவும் தீர்ந்தால் போன் வெறும் டார்ச் லைட். டவர் இருந்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் லைன் கிடைக்காது.

அங்கேதான் ஹாம் ரேடியோ உதவுகிறது. இதற்கு டவர் வேண்டாம். ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு நேராகப் பேசலாம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானில் முகாமிட்டிருந்தது. 26ஆம் தேதி சுனாமி தாக்கித் தொடர்பு அறுந்தபோது, போர்ட் பிளேரிலிருந்து அவர்கள்தான் வெளியுலகுக்குச் செய்தி சொன்னார்கள்.

கையடக்க வி.எச்.எஃப். செட் மலை குறுக்கே வந்தால் தடுமாறும். நம் மாவட்டத்தில் மலைக்குப் பஞ்சமில்லை. சிற்றலை செட்டின் அலை வானில் மேலே போய்த் திரும்பி இறங்குவதால் மலையைத் தாண்டிவிடும். அந்த செட்டுக்கு 12 வோல்ட் போதும். டிராக்டர் பேட்டரியே தாங்கும்.

மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறினால் உரிமம் கிடைக்கும். 12 வயது நிரம்பியவர் எழுதலாம். உரிமம் இல்லாமல் ஆன்லைனில் செட் வாங்கிப் பேசுவது குற்றம். உரிமம் இருந்தாலும் வியாபாரம் பேசக்கூடாது. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை கேட்க இது உதவாது. பாலிடெக்னிக் படித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வு பெரிய பாரமல்ல. ஆற்றோர ஊராட்சிக்கு ஒருவர் போதும்.

அப்படி ஒருவர் இருந்தால், அவர் பெயரை வி.ஏ.ஓ.விடமும் தாசில்தார் அலுவலகத்திலும் இப்போதே எழுதி வையுங்கள். மழை வந்த பிறகு தேட முடியாது. அவரிடம் செய்தி கொடுக்கும்போது ஊர், நேரம், தண்ணீர் எதுவரை, எத்தனை பேர், என்ன தேவை என்று வரிசையாகச் சொல்லுங்கள். போன் வேலை செய்யும்வரை மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. வீட்டில் பேட்டரியில் ஓடும் பழைய ரேடியோப் பெட்டி கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள்.